வசந்தா டீச்சர் மறந்த வரி

அன்புள்ள குமாருக்கு,

நீ கூரியரில் அனுப்பிய நாடகப் பிரதி போன வாரம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. அடுத்த மாதம் சென்னையில் மேடையேற்றப் போவதாகவும், அதற்கு முன் நான் ஒரு முறை படித்து, வழக்கம்போல் பென்சில் குறிகள் போட்டு அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். எண்பத்திரண்டு பக்கங்கள். மூன்று நாளில் முடித்துவிட்டேன். நாற்பத்தோராம் பக்கத்தைத் தவிர எல்லாப் பக்கங்களிலும் குறி இருக்கிறது. அந்த ஒரு பக்கத்தில் மட்டும் பென்சிலை வைக்க என்னால் முடியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நான் எதையும் ஒழுங்காகச் சொல்லி முடிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவன் நான். அதிலும் பெரும்பகுதி, மாணவர்களுக்கு முதுகைக் காட்டிக் கரும்பலகையைப் பார்த்தபடி.

முதலில் நாடகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நன்றாக எழுதியிருக்கிறாய். நீ என் மகன் என்பதற்காகச் சொல்லவில்லை; அப்படிச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில் இரண்டாவது முறையும் படித்துப் பார்த்தேன். மகளை விபத்தில் பறிகொடுத்த ஒரு வீடு. சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள். நான்காவதில் யாரும் உட்காருவதில்லை, யாரும் அதை எடுத்து ஓரமாகப் போடுவதுமில்லை. அந்த அப்பா தினமும் காலையில் மகளுடைய போனுக்குச் சார்ஜ் ஏற்றுகிறார். நம் வீட்டில் அப்படி நடந்ததில்லை. நடந்திருக்கலாம் என்று தோன்றியது. நம் சுதாவை மாலா ஆக்கியிருக்கிறாய். சிரிப்பை மட்டும் அப்படியே விட்டுவைத்திருக்கிறாய். நாடகத்தில் வரும் அப்பா ஒரு பாவப்பட்ட மனிதர். அம்மாதான் கண்டிப்பானவள். அலுவலகத்துக்குப் பக்கத்தில் தோழிகளோடு தங்குகிறேன் என்று கேட்ட மகளிடம் முடியாது என்று சொன்னவள் அவள். மகள் தினமும் வண்டியில் வந்து போனதும், ஒரு நாள் வராமல் போனதும் அதனால்தான் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உன் நாடகம் நிற்பதே அந்த இடத்தில்தான். அந்த இடம்தான் நாற்பத்தோராம் பக்கம்.

போன மாதம் இங்கே நம் நாடகக் குழு அதை முதல் தடவையாகப் போட்டபோது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இருபத்தாறு வருடமாக இந்தக் குழுவுக்கு நான் பிராம்ப்டர். ஒரு வேஷமும் போட்டதில்லை. ஒரு முறை போஸ்ட்மேனாக வரச் சொன்னார்கள், இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டேன். பக்கத் திரைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, பிரதியைப் பார்த்து, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக்கொடுப்பது மட்டும் எனக்கு வரும். நடிகர் பேசாமல் நிற்கும்போது அது மறதியா, வேண்டுமென்றே விட்ட இடைவெளியா என்று தெரிந்துகொள்வதுதான் இதில் கஷ்டம். இடைவெளியில் எடுத்துக்கொடுத்தால் காட்சி கெட்டுப்போகும். மறதியில் சும்மா இருந்தால் நடிகர் கெட்டுப்போவார். நான் கண்டுபிடித்து வைத்திருக்கும் வழி இது: இடைவெளி என்றால் நடிகரின் கண் எதிரே நிற்பவர் மேல் இருக்கும். மறதி என்றால் கண் பக்கத் திரையை நோக்கி வரும். வந்த உடனே சொல்ல வேண்டும். நடிகருக்குக் கேட்க வேண்டும், முதல் வரிசைக்குக் கேட்கக் கூடாது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, நாலு மணிக் காட்சி. உன் அம்மா இரண்டாவது வரிசையில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நீ அரங்கின் பின்பக்கம் விளக்குக்காரரோடு நின்றுகொண்டிருந்தாய். அம்மா வேஷம் போட்ட வசந்தா டீச்சர் ஒத்திகையில் ஒரு முறைகூடத் தடுமாறியதில்லை. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல் முழு நாடகத்தையும் சொல்லக்கூடியவர். பழைய நினைவாக வரும் அந்தக் காட்சியில் மாலாவாக நடித்த பெண், "சரி, அப்பா என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். பதில் வரவில்லை. அந்த இடத்தில் நான் பிரதியில் இரண்டு கோடு போட்டிருந்தேன், சின்ன இடைவெளி என்று. ஒன்று, இரண்டு எண்ணினேன். வசந்தா டீச்சரின் கண் மெல்லத் திரும்பி என்னிடம் வந்தது.

வரி என் கண் முன்னால் இருந்தது. "அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் பயமா இருக்கு." சின்ன வரி. நான் உடனே சொல்லவில்லை. ஐந்தாறு நொடி போயிருக்கும். மேடையில் அது நீண்ட நேரம். பிறகு சொன்னேன். குரல் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. வசந்தா டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நாடகம் முடிந்ததும் மேக்கப் அறையில், அப்பா வேஷம் போட்ட சுப்பையா பிள்ளை, "டீச்சரே, அந்த எடத்துல ஒரு கேப்பு விட்டேளே, நான் நெசமாவே அழுதுட்டேன்" என்றார். "கேப்பா? எனக்கு வசனமே போச்சு வே. சார் எடுத்துத் தரலேன்னா நேரா ஆட்டோ புடிச்சு வீட்டுக்குப் போயிருப்பேன்" என்றார் வசந்தா டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். ஆனால் உனக்கு அந்த இடைவெளி பிடித்துப்போயிருக்கிறது. புதிய பிரதியில் அங்கே, "அம்மா நீண்ட நேரம் பேசாமல் நிற்கிறாள். அவள் முகத்தில் பிடிவாதம்" என்று சேர்த்திருக்கிறாய். அதைப் படித்தபோதுதான் இனியும் சொல்லாமல் இருந்தால் சரியில்லை என்று தோன்றியது.

குமார், அந்த வரியை நான் எடுத்துக்கொடுத்தது அன்று இரண்டாவது முறை.

சுதா கழக்கூட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்த சமயம். நீ அப்போது சென்னைக்குப் போய்விட்டாய். நம் வலியசாலை வீட்டிலிருந்து அங்கே ஸ்கூட்டரில் போக ஒரு மணி நேரம், திரும்பி வர அதைவிடக் கூடுதல். கூட வேலை பார்த்த இரண்டு பெண்கள் ஆபீசுக்குப் பக்கத்தில் ஃபிளாட் எடுத்து, மூன்றாவதாக இவளைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை மாலை காப்பி குடிக்கும்போது அம்மாவிடம் சொல்லி, "அப்பாட்ட நீயே கேளு" என்றாள். உன் அம்மா என்னைத் தேடிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தாள். நான் பழைய செய்தித்தாள்களை மாத வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். "பிள்ளைக்கு ரொம்ப ஆசையாட்டு இருக்கு. ரெண்டு பேரும் நல்ல குடும்பத்துப் பிள்ளைங்கதான். விட்டா என்ன?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். "ஏன்?" என்றாள். நான் காரணம் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். மகளைப் பற்றித் தெருவில் யாராவது, "என்ன சாரே, மோள் வீட்டில இல்லே?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்றுதான் யோசித்தேன். அவள் போய்வரும் சாலையைப் பற்றியோ, லாரிகளைப் பற்றியோ, மழையைப் பற்றியோ எனக்கு ஒரு நினைப்பும் வரவில்லை. பின்னால் ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம், அந்த நினைப்பு அன்றே எனக்கு வந்திருந்ததுபோல் பேசியிருக்கிறேன். அது உண்மை இல்லை.

"அப்போ நீங்களே அவகிட்ட சொல்லுங்க" என்றாள் உன் அம்மா. நீ சொல்லு என்றேன். "எல்லா வேண்டாமையும் நான்தானா சொல்லணும்? ஓங்க வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா இருக்கு?" என்று கேட்டாள். ஆனாலும் போனாள். நான் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள கதவுக்குப் பின்னால் நின்றேன். அவள் எப்படியோ சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். தூரம் ஒன்றும் இல்லை, இந்த ஊரிலேயே வீடு இருக்கும்போது வாடகை எதற்கு என்றெல்லாம். சுதா கெட்டிக்காரி. "அதெல்லாம் இருக்கட்டும். அப்பா என்ன சொன்னாங்க?" என்று நேராகக் கேட்டாள். உன் அம்மாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. பேச்சு நின்றது. அவள் கண் கதவுப் பக்கம் வந்தது. எனக்கு அது தெரிந்த பார்வை. பழக்கம் என்றுகூடச் சொல்லலாம், யோசிக்காமல் மெதுவாகச் சொன்னேன்: "அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் பயமா இருக்கு." அவள் அதை ஒரு எழுத்து மாறாமல் சொன்னாள். சுதா கோபம் வந்தால் மலையாளத்துக்கு மாறிவிடுவாள் அல்லவா? "மதி அம்மா, மதி. ஒந்நும் பறயண்டா" என்று, மேற்கொண்டு பேச விடாமல் எழுந்து போனாள். அன்றைக்கே உன்னிடம் போனில், அம்மா சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்லி, அப்பா சம்மதித்துவிட்டார், அம்மாதான் விடவில்லை என்று சொல்லியிருக்கிறாள். அப்படித்தான் அந்த வரி உன் நாடகத்துக்குள் வந்தது. ஐந்து மாதம் கழித்து, பைபாஸ் சாலையில், ஒரு மழை நாள் மாலை. அதை நான் இங்கே எழுத வேண்டியதில்லை.

இது ஒரு நாள் மட்டும் செய்த தவறு என்று நான் உன்னிடம் சொல்லித் தப்பிக்க முடியாது. நம் வீட்டில் "சரி" எல்லாம் என் குரலிலும் "வேண்டாம்" எல்லாம் அம்மா குரலிலும்தான் வந்திருக்கின்றன. உனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது பள்ளிக்கூடத்தில் கல்லாறுக்கும் பொன்முடிக்கும் கூட்டிப்போனார்கள். ஆற்றில் இறங்கிவிடுவாய் என்று எனக்குப் பயம். அனுப்ப மாட்டேன் என்று அம்மா சொன்னாள். இரண்டு நாள் நீ அவள் கையால் சாப்பிடவில்லை. நான் உன்னைச் சாலைக் கடைவீதிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சாயாக்கடையில் பழம்பொரி வாங்கித் தந்தேன். நீ தின்றுகொண்டே, "அம்மைக்கு மனசே இல்லப்பா" என்றாய். நான் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. இன்னொன்று வேண்டுமா என்று கேட்டேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், பையன் சமாதானமாகிவிட்டான் என்று பெருமையாகச் சொன்னேன். "ஆவான், ஆவான். பழம்பொரி உங்க கணக்கு, பட்டினி என் கணக்கு" என்றாள். அவள் சிரித்துக்கொண்டே சொன்னதால் அது எனக்கு உறைக்கவில்லை. சிரித்துக்கொண்டு சொல்கிறவர்கள் கஷ்டப்படவில்லை என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

சுதாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, சமையலறையில் நீ அம்மாவிடம், "அவள அங்கேயே இருக்க விட்டிருக்கலாம்லா?" என்று கேட்டாய். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உன் அம்மா அவியலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. நானும் அங்கேதான் பீன்ஸின் நாரை எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது. "குமார், குளிச்சாச்சா?" என்று கேட்டேன். நீ குளிக்கப் போனாய். நான்கு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு நீ என் போனுக்குக் கூப்பிடுகிறாய். "அம்மை சுகமா?" என்று என்னிடம் கேட்கிறாய். "சாப்பிட்டானான்னு கேளுங்க" என்று அவள் என்னிடம் சொல்கிறாள். நடுவில் நின்று இரண்டு பக்கமும் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். துக்கத்தில் அவளுக்குப் பேச்சு குறைந்துவிட்டது, காலம் போனால் தானாகப் பேசுவாள், அவசரப்படுத்தக் கூடாது என்று நினைத்தேன். இருபத்தாறு வருடம் மறதியையும் இடைவெளியையும் பிரித்துப் பார்த்தவன், என் வீட்டில் நாலு வருடமாக ஒருத்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கவனிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாடகம் முடிந்து நாங்கள் ஆட்டோவில் வந்தோம். நீ குழுவினரோடு சாப்பிடப் போய்விட்டாய். வெளிச்சம் இன்னும் இருந்தது. கிழக்கே கோட்டைப் பக்கம் நெரிசலில் வண்டி நின்றபோது உன் அம்மா, "ஓங்க சத்தம் கேட்டுச்சு" என்றாள். எனக்கு முதலில் தொழில் கவலைதான் வந்தது. "எத்தனாவது வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்?" என்று கேட்டேன். "மத்தவங்களுக்குத் தெரியாது. எனக்குக் கேட்டுச்சு" என்றாள். வண்டி நகர்ந்ததும், "எனக்குச் சொல்லித் தரும்போ இதவிட மெதுவாட்டுதான் சொன்னீங்க" என்றாள். குறை சொல்கிற தொனி இல்லை. மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னாள். வீட்டு வாசலில் ஆட்டோக்காரர், "சாரே, இறங்ஙண்டே?" என்று கேட்கும்வரை நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நாடகத்தை நிறுத்து என்று சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பக்கத்தை மாற்று என்று சொல்லவும் எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. உரிமை இருந்தாலும் சொல்லத் தைரியம் வராது என்பது வேறு விஷயம். அந்தக் கதவுக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார் என்பது மட்டும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த பிறகு அவரை மேடைக்குக் கொண்டுவருவதும் கொண்டுவராததும் உன் விருப்பம். நாளைக்கு உனக்கும் ஒரு குடும்பம் ஆகும். யாரிடமாவது முடியாது என்று சொல்ல வேண்டி வந்தால் அதை நீயே, முகத்தைப் பார்த்து, சொல்லிவிடு. அவர்கள் உன்மேல் கோபப்படுவார்கள். கோபப்படட்டும். அந்தக் கோபம் உன்னைச் சேர வேண்டியது. வழியில் வேறொருவர் கையில் கொடுத்து வைத்தால் அவரிடமே தங்கிவிடும்.

இதுவரை எழுதி நேற்றே முடித்துவிட்டேன். கையெழுத்துப் போடுவதற்கு முன், இதை உன் அம்மாவுக்குக் காட்டாமல் அனுப்பினால் பழையபடி அவளுக்காக நானே பேசியது ஆகிவிடும் என்று தோன்றியது. இன்று காலை அவளிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தாள். குக்கர் இரண்டு விசில் அடித்தது. எழுந்து அணைத்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து படித்தாள். முடித்ததும், "கையெழுத்து இப்பவும் அழகாட்டுத்தான் இருக்கு" என்றாள். "ஆனா இது முழுசும் சரியில்ல."

எங்கே தவறு என்று கேட்டேன்.

"நீங்க சொல்லித் தந்தீங்க, நான் சொன்னேன்னு எழுதியிருக்கீங்க. நான் என்ன கிளியா?"

நான் பேனாவை எடுத்தேன்.

"விட்டா என்னன்னு கேட்டேன், சரி. நீங்க வேண்டாம்னதும் எனக்குள்ள ஒரு சமாதானம் வந்துச்சு, கேட்டேளா? இந்த ஒரு பிள்ளையாவது வீட்டுல இருக்கட்டும்னு. அவன் ஏற்கெனவே போயாச்சு. பயமா இருக்குன்னு நான் சொன்னது பொய்யில்ல. நீங்க சொல்லித் தந்தது எனக்குள்ள இருந்ததுதான். அதையும் எழுதுங்க. என்னய ஒண்ணுமறியாத பாவமாட்டு ஆக்கி அவனுக்கு அனுப்பாதீங்க."

எழுதிவிட்டேன், அவள் சொன்னபடியே. இதற்குப் பிறகு நாற்பத்தோராம் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. ஒருவர் மேல் இருந்த பழியை எடுத்து இன்னொருவர் மேல் வைத்தால் கணக்கு நேராகும் என்று நினைத்திருந்தேன். அது அப்படிப்பட்ட கணக்கு இல்லைபோல் இருக்கிறது. நீ எழுதுகிறவன், உனக்குத் தெரியலாம்.

இன்னும் ஒன்று. கடிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அவன் நம்பரை என் போன்ல போட்டுத் தாங்க" என்றாள். இன்று வியாழக்கிழமை, அவன் வேலையில் இருப்பான், மேலும் கடிதம் போய்ச் சேரவில்லை, அவன் படித்த பிறகு பேசினால்தான் முறையாக இருக்கும் என்றேன். "அது வரும்போ வரட்டும்" என்றாள். நம்பரைப் போட்டுக் கொடுத்ததும் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் துணி காயப்போடும் இடத்துக்குப் போனாள். நீ எடுத்துவிட்டாய் என்று தெரிகிறது. பேச்சுச் சத்தம் வருகிறது. நான் எழுந்து போய் இந்த அறையின் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது, அவள் என்ன சொன்னாள் என்று உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்திருக்காது.

அன்புடன்,
அப்பா